இளசும் முத்தலும்

எங்கள் தெருவில் ஒரு பெண்ணை மூக்குக்காரி என்று கூப்பிட்டால் அது வசவு இல்லை, மரியாதை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிர்வரிசையில், இரண்டு வீடு தள்ளி ஒரு அம்பர் பட்டறை. அங்கே அவள் சரி என்று சொன்னால்தான் கல் கல். இல்லை என்றால் வெறும் பிசின், வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அம்பரும் ஒரு காலத்தில் பிசின்தான். மரத்திலிருந்து வடிந்தது மண்ணுக்குள் போய், கோடிக்கணக்கான வருஷம் கிடந்து இறுகினால் அம்பர். சில ஆயிரம் வருஷம்தான் கிடந்தது என்றால் அது இன்னும் அரைவேக்காடு. பட்டறைக்காரர் பாஷையில் முன்னது முத்தல், பின்னது இளசு. காய் வாங்கப் போனால் இளசுக்கு அடித்துக்கொள்கிற அதே ஆட்கள் இங்கே வந்தால் முத்தலுக்கு அடித்துக்கொள்வார்கள். இரண்டும் தேன் நிறம், இரண்டும் பளபளப்பு. கண்ணை நம்பி வாங்கியவன் கெட்டான்.

தோண்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை சாக்கில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பாள். முதலில் உள்ளங்கையில் வைத்து மூடுவாள். கண்ணாடித் துண்டு சில்லென்று இருக்கும். அம்பர் கைச்சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும். அடுத்து, இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட வாளித் தண்ணீர். பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் முங்கிவிடும், அம்பர் மிதக்கும். அப்புறம் கம்பளித் துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகள் பக்கம் கொண்டுபோவாள். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டும். இவ்வளவையும் நான்கூடச் செய்வேன். சிக்கல் என்னவென்றால் இளசும் மிதக்கும், இளசும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், நாள் நன்றாக இருந்தால் காகிதத்தையும் இழுக்கும்.

கடைசியில்தான் ஊசி. சுடரில் காய்ச்சிய ஊசி முனையைக் கல்லின் முதுகில் ஒரு பொட்டு வைப்பாள். நூல் மாதிரிப் புகை கிளம்பும். முத்தல் என்றால் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை, இளசு என்றால் ஒரு தித்திப்பு, பிளாஸ்டிக் என்றால் கரிந்த வயர். நான் மோந்து பார்த்தால் எல்லாமே புகைதான். அவள் மட்டும் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “முத்தல்”, “இளசு” என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போவாள். இளசெல்லாம் குறைந்த விலைக்குத் தெருக்கோடி வார்னிஷ்காரருக்குப் போய்விடும். இதைவிடச் சுலபமான திராவகச் சோதனை ஒன்று உண்டு. ஒரு சொட்டு விட்டால் இளசு பிசுபிசுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பக்கத்துத் தெருப் பட்டறையில் யாரோ அப்படிச் சொட்டு விட்டு, மங்கிப்போன கல்லைத் திருப்பிக் கொடுத்ததற்கு விற்க வந்தவன் குடையாலேயே விளாசிவிட்டான். அன்றிலிருந்து பட்டறைக்காரர் திராவகத்தை வாசற்படி மிதிக்க விடவில்லை. “என் பொண்டாட்டி மூக்கு இருக்கும்போது எனக்கெதுக்குய்யா அந்த எழவு?” என்பார்.

அந்த மேசை அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் இடம் அடுப்படி. நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. மூன்றாவது வருஷம் ஒருநாள், உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், “அது பிளாஸ்டிக்குங்க, வாங்காதீங்க!” என்று அங்கிருந்தே கத்தினாள். மாமனார் கையில் ஊசி இருந்தது, மூக்கு உள்ளே இருந்தது. அன்றைக்கு மாறியது இடம். மாமனார் போய்ச் சேர்ந்தார், மேசை அவளுக்கே என்று ஆனது. மணி கோர்க்கிற நாத்தனார் இன்னும் தரையில்தான் உட்காருகிறாள். அது அவளுக்கு ஆறாத புண்.

போன வருஷம் மழைக்காலத்தில் மூக்குக்காரிக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் நான் தேநீர் குடிக்கக் கிளம்பினேன். நாளுக்கு இரண்டு தேநீர் அந்த வீட்டில்தான். வெட்கம் பார்த்தால் முடியுமா? தெருவைத் தாண்டும்போதே பால் தீய்கிற நாற்றம். உள்ளே போனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கரியாகி, அடுப்படி முழுக்கப் புகை. ஒரு முழம் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து நிதானமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் மூக்குக்காரி.

“தங்கச்சி, பாலு!” என்றேன்.

திரும்பியவள் முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“எப்பலேருந்து?”

“காய்ச்சல்லேருந்து. வந்துரும்னு டாக்டர் சொல்லிருக்காரு அண்ணே. நீங்க யார்கிட்டயும்…”

“எனக்கெதுக்கு ஊர் வம்பு? நான் கண்ணாடி விக்கிறவன். மூக்கு என் யாவாரம் இல்லை.”

ஜோக்கு அடித்ததாக நினைத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, வெளியே போயிருந்த புருஷனும் நாத்தனாரும் வருவதற்குள் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தாள்.

மூக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, மருந்துக்கடையில் நகப்பூச்சு அழிக்கிற திராவகத்தை அவள் வாங்குவதைப் பார்த்தேன். ஜென்மத்தில் நகப்பூச்சு பூசியவள் இல்லை. அதன்பிறகு ஊசி வைத்த கல்லை எடுத்துக்கொண்டு, “இங்க காத்து அடிக்குது, வாசனை நிக்கலை” என்று உள்ளறைக்குப் போய்வருகிற பழக்கம் வந்தது. நாத்தனார் வாரம் தவறாமல் நகப்பூச்சு பூசுகிறவள் என்பதால் அந்த நெடி யாருக்கும் புதிதாகப் படவில்லை. நான் தேநீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெரிய சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டதும் உண்டு.

அந்தப் பட்டறைக்கு மாதம் ஒருமுறை வருகிற இன்னொரு ஆள் ஆராய்ச்சிக்காரம்மா. அருங்காட்சியகத்தில் வேலை, வயது முப்பதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் சுத்தமான மணி கேட்டால் இந்தம்மா அழுக்குக் கேட்கும். கல்லுக்குள் பூச்சியோ இலைத்துணுக்கோ மாட்டியிருந்தால் பட்டறைக்காரருக்கு அது அழுக்கு. முன்பெல்லாம் அதைச் சாணைக்கல்லில் பிடித்துத் தேய்த்து எடுத்துவிட்டு, மிச்சத்தில் மணி உருட்டுவார். இந்தம்மா வர ஆரம்பித்த பிறகுதான் அழுக்கைத் தனி டப்பாவில் போட்டுவைக்கிறார்.

ஒரு தூறல் நாள் மத்தியானம், நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா வந்தது. வழக்கமாக டப்பாவைத்தான் கேட்கும். அன்றைக்குப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தது. போன மாதம் இங்கிருந்து போனதுதான், உள்ளே ஒரு ஈ.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது இளசு.”

மூக்குக்காரி கல்லைத் தொடவில்லை. சாணை நின்றது. பட்டறைக்காரர் எழுந்து வந்தார், கை முழுக்கக் கல் மாவு.

“யார் சொன்னா?”

“மிஷின்ல வச்சுப் பாத்தேங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை உள்ள விட்டா, பிசின் எவ்வளவு இறுகியிருக்குன்னு கோடு போட்டுக் காட்டிடும். முதல்லயே எனக்குச் சந்தேகம்தான். இந்த ஈ நம்ம ஜன்னல்ல வந்து உக்கார்ற ஈ மாதிரியே இருக்கு.”

“ஈன்னா ஈ மாதிரிதான் இருக்கும். பின்ன என்ன, வருஷத்துக்கு ஒரு சட்டை மாத்துமா?”

“மாத்தும்ங்க. நாலு கோடி வருஷத்துல நெறையவே மாத்தும். ரெக்கையில நரம்பு ஓடுற வழி மாறும், கால்ல முடி மாறும். பாறையில பதிஞ்சு கிடைக்கிறதுல பெரும்பாலும் நசுங்கின உருவம்தான் இருக்கும். அம்பர்ல இருக்குறதை முடி முடியா எண்ணலாம். மேல மகரந்தம் ஒட்டியிருந்தா எந்தப் பூவுல உக்காந்துச்சுன்னுகூடச் சொல்லிடலாம். அந்தக் காலத்து ஒரு காடு, அதுல ஒரு மத்தியானம், அப்படியே கையில கிடைக்குது. அதுக்குத்தான் நான் அழுக்கைத் தேடி அலையறேன். ஆனா கல்லோட வயசு தப்பாப் போச்சுன்னா நான் எழுதுறது மொத்தமும் பொய். நல்லவேளை, இது இன்னும் அச்சுக்குப் போகல.”

“அம்மா, உங்க மிஷின் எப்ப வந்துச்சு?”

“போன வருஷம்.”

“இவ மூக்கு பொறந்து நாப்பத்திரண்டு வருஷம்.” பட்டறைக்காரர் சிரித்தார். “மிஷின் ரிப்பேரா இருக்கும். ஏய், ஊசியைப் போடு. அம்மா கண்ணு முன்னாடியே சொல்லிடு.”

தரையில் மணி கோர்த்துக்கொண்டிருந்த நாத்தனாரும் நூலைக் கீழே வைத்துவிட்டாள். மூக்குக்காரி சுடரை ஏற்றினாள். ஊசியைக் காய்ச்சினாள். கல்லின் முதுகில் பொட்டு வைத்து, கண்ணை மூடி, எப்போதும்போல் ஒரு இழுப்பு இழுத்தாள். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

“முத்தல்தான்” என்றாள்.

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் பட்டறைக்காரர்.

அந்தம்மா வாதாடவில்லை. பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குப்பியை எடுத்து, “ஒரு சொட்டு விடட்டுங்களா? கல்லு என்னோடதுதானே” என்றது.

“உங்க கல்லு, தாராளமா விடுங்க.”

ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்துக் கட்டைவிரலை அதன்மேல் வைத்து எடுத்தது அந்தம்மா. விரல் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வந்தது. கல்லின் முதுகில் ரேகை அப்படியே விழுந்திருந்தது. பட்டறைக்காரர் கல்லை வாங்கிப் பார்த்தார், என் கடையில் வாங்கிய பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தார். ரேகை ரேகைதான்.

“என்ன அண்ணி, மூக்கை எங்கயாவது அடகு வச்சுட்டீங்களா?” என்றாள் நாத்தனார்.

கேலிக்குத்தான் சொன்னாள். சாதாரண நாளாக இருந்தால் மூக்குக்காரி சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்குச் சுடரை ஊதி அணைத்தாள்.

“போயிடுச்சு” என்றாள்.

“என்ன போயிடுச்சு?” என்றார் புருஷன்.

“மூக்குதான். காய்ச்சல்ல போனது திரும்பலைங்க. வருஷம் ஒண்ணு ஆயிடுச்சு.”

“வெளையாடாதே.”

“பால் தீஞ்சா தெரியல. குளிச்சா சோப்பு வாசம் தெரியல. நீங்க பக்கத்துல படுத்திருந்தா, நீங்களா வேற யாராவதான்னுகூடத் தெரியல.”

கடைசி வாக்கியத்தை எங்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். வந்துவிட்டது. அந்தம்மா குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது.

“அப்போ இந்த ஒரு வருஷமா இந்த மேசையில உக்காந்து என்னத்தை மோந்துக்கிட்டிருந்தே?”

“காத்தைத்தான்.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா என்னை எங்க உக்கார வச்சிருப்பீங்க?”

பட்டறைக்காரருக்குப் பதில் தெரியும், எங்கள் எல்லோருக்குமே தெரியும். அவர் என் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“நல்லா இருய்யா. என் வீட்டுத் தேநீரைக் குடிச்சுக்கிட்டு, நல்லா இரு.”

கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தேன்.

மூக்குக்காரி உள்ளே போய்த் திராவக பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். “குருட்டுத்தனமா சொல்லலைங்க. இதைத் தொட்டுத்தான் பாத்தேன். பழைய பாட்டில் தீர்ற வரைக்கும் சரியாத்தான் வந்துச்சு, இது போன மாசம் வாங்கினது. இந்த ஈக்கல்லுலயும் ஒட்டலையே. ஏன்னுதான் புரியல.”

நாத்தனார் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். படித்தவுடன் அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

“அண்ணி, இது அந்தப் பழைய ரகம் இல்ல. நகம் காயக்கூடாதுன்னு புதுசா வந்திருக்குல்ல, பிசினை இளக்குற அசிட்டோன் இல்லாதது. பூப்படம் போட்டிருக்கு பாருங்க. இதைக் குடம் குடமா ஊத்தினாலும் எந்தப் பிசினும் அசையாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“உன்கிட்ட எப்படிக் கேப்பேன்?” என்றாள் மூக்குக்காரி. நாத்தனார் பாட்டிலை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

இந்த ஒரு பாட்டிலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு மாதச் சரக்கைத் திரும்ப வாங்கிச் சோதித்தால் முடிந்தது. ஆராய்ச்சிக்காரம்மாதான் அடுத்த கேள்வியைக் கேட்டது.

“அக்கா, காய்ச்சல் முடிஞ்ச உடனேயே இந்தத் திராவகம் வாங்கிட்டீங்களா?”

“இல்லை மேடம். ரெண்டு மாசம் ஆச்சு.”

“அந்த ரெண்டு மாசம் எப்படிப் பிரிச்சீங்க?”

மூக்குக்காரி முந்தானையை விரலில் சுற்றினாள். “சந்தேகமா இருந்ததை எல்லாம் இளசுன்னு சொல்லிட்டேன். முத்தல்னு சொல்லித் தப்பாப் போனா யாராவது திரும்பக் கொண்டுவருவாங்க. இளசுன்னு சொன்னா யாரும் வந்து கேக்கமாட்டாங்க. வார்னிஷ்காரர் அண்டாவுக்குப் போயிடும்.”

அதுவரை கலங்காமலிருந்த அந்தம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது.

“அதுல அழுக்குக் கல் இருந்துச்சா?”

“ஆறு.”

“ஞாபகம் இருக்கா?”

“கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே. ஒண்ணுல மூணு எறும்பு, நடு எறும்பு வாயில வெள்ளையா ஒரு முட்டை. ஒண்ணுல கொசு. ஒண்ணுல சிலந்தி, அதோட நூலுல தண்ணிச்சொட்டு மாதிரி ஏதோ. ரெண்டுல இலைத்தூள். ஒண்ணுல பூ. அரிசி அளவுதான், அஞ்சு இதழ், ஒரு இதழ் மட்டும் மடங்கியிருந்துச்சு. எழுதிக்கோங்க மேடம், நான் ஒண்ணு விடாம சொல்றேன்.”

“கல்லு இல்லாம எழுத முடியாதுக்கா. நீங்க சொன்னா நான் நம்புவேன். ஆனா நாளைக்கு ஒருத்தர் எடு பாக்கலாம்னா, எடுத்துக் காட்டணும்.” பிறகு, “பூ எல்லாம் ரொம்ப ரொம்ப அபூர்வம்” என்றது. தன் மனசோடு பேசிக்கொண்டமாதிரி இருந்தது.

வார்னிஷ்காரர் வீடு தெருக்கோடியில். தூறல் நின்றிருந்தது. நாங்கள் நாலு பேரும் நடந்தோம். நாத்தனார் பட்டறையில் இருந்துகொண்டாள். போகும்போது பட்டறைக்காரர் பெண்டாட்டி காதருகே, ஆனால் எனக்கும் கேட்கும்படி, சொன்னார்: “அங்க போய் ஒண்ணும் உளறாதே. வீட்டுக்குள்ள தெரிஞ்சது வீட்டோட இருக்கட்டும். மூக்கு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, தோண்டுறவன் ஒருத்தனும் நம்ம வாசலுக்கு வரமாட்டான். நான் பேசிக்கிறேன்.”

வார்னிஷ்காரர் எண்ணெயும் இளசும் சேர்த்துக் காய்ச்சி மேசை நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷ் செய்கிறவர். தனி ஆள். கொல்லைப்புறத்தில் செங்கல் அடுப்பு, அதன்மேல் இடுப்புயர அண்டா. நாங்கள் போனபோது துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார்.

“அடேயப்பா, ஊர்வலமா வந்திருக்கீங்க! என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்லை. மேடம் அருங்காட்சியகம். போன வருஷம் மழைக்காலத்துல நாங்க அனுப்பின இளசுல பூச்சி கீச்சி ஏதாவது மிஞ்சியிருக்கான்னு சும்மா பாக்கணுமாம்” என்றார் பட்டறைக்காரர்.

“மிஞ்சாம என்ன? அந்தச் சரக்கு எங்க கரைஞ்சுது? நாள் முழுக்க எரிச்சேன். கல்லுக்கட்டை மாதிரி அடியில கிடந்து என் உயிரை எடுத்துச்சு. வடிகட்டி எடுத்துத் தகரத்துல போட்டு வச்சிருக்கேன்.”

கரையாது. இளசுதான் எண்ணெயில் சீக்கிரம் இளகும். முத்தலை இளக்க அந்த அடுப்புச் சூடு போதாது. மூக்கு சொல்லாததை அண்டா சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

தகரத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தார். முப்பது முப்பத்தைந்து கட்டிகள், கறுத்து, எண்ணெய் படிந்து. ஆராய்ச்சிக்காரம்மா மண்ணில் உட்கார்ந்து துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. மூக்குக்காரி பக்கத்தில் குந்தி, கையை நீட்டி ஒரு கட்டியை எடுத்தாள். “இதுதான் பூ. இந்தப் பக்கம் மூக்குத்தித் துளை மாதிரி ஒரு குழி இருந்துச்சு. இதேதான்.”

அந்தம்மா பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தது. பிறகு என்னிடம் கொடுத்தது. உள்ளே முழுக்கச் சூட்டில் வெடித்த பொன்னிறச் செதில்கள், வட்டம் வட்டமாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூ இல்லை. எறும்புக் கல்லும் கிடைத்தது, அதில் இரண்டு கால் மட்டும்.

“இதை வச்சு எதுவும் எழுத முடியாது” என்றது அந்தம்மா. ஆனாலும் இரண்டையும் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டது.

“கரையலைன்னா அன்னிக்கே வந்து சொல்லிருக்கலாமே?” என்றார் பட்டறைக்காரர். கேட்டிருக்க வேண்டாம்.

“சண்டை போடலாம்னு செருப்பைக்கூட மாட்டிட்டேன். அப்புறம் யோசிச்சேன், யார் பிரிச்ச சரக்கு? நம்ம மூக்கு பிரிச்சது. அவ இளசுன்னா இளசு. அப்போ கோளாறு என் அடுப்புலதான்னு முடிவு பண்ணிட்டேன். எங்கயோ சூடு ஒழுகுதுன்னு கடப்பாரையை எடுத்து இடிச்சுத் தள்ளிட்டு, புது அடுப்புக் கட்டினேன். இருபத்தாறு வருஷம் எரிஞ்ச அடுப்பு. இது என்னமோ அது மாதிரி பிடிக்கல, புகையுது.”

பட்டறைக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். “சரி சித்தப்பா, வேலையைப் பாருங்க. நாங்க கிளம்பறோம்” என்றார்.

“இரு இரு. வந்தது வந்துட்டே, மூக்கு, இதைக் கொஞ்சம் மோந்து சொல்லு. இறக்கலாமா, இன்னும் கொஞ்சம் போகணுமா?” வார்னிஷ்காரர் துடுப்பை அண்டாவிலிருந்து தூக்கி, சொட்டச் சொட்ட அவள் முகத்தருகே நீட்டினார். எப்போது அவள் அந்தப் பக்கம் போனாலும் இதைக் கேட்பார் போலிருக்கிறது.

இறக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“எனக்கு வாசனை தெரியாது சித்தப்பா” என்றாள். “போன வருஷக் காய்ச்சல்லயே மூக்கு போயிடுச்சு. அந்த ரெண்டு மாசச் சரக்கை நான் மோந்து சொல்லலை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதெல்லாம் முத்தல்.”

பட்டறைக்காரர் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வார்னிஷ்காரர் துடுப்பை நீட்டியபடியே நின்றார். சொட்டு அவர் காலில் விழுந்தது. சுட்டிருக்கும், அவர் கவனிக்கவில்லை.

“அப்போ என் பழைய அடுப்புமேல தப்பில்லையாம்மா?”

“இல்லை சித்தப்பா. நல்ல அடுப்பு.”